மார்மன்கள் எப்படி மாறினார்கள்? ஆர்மண்ட் மாஸின் எழுத்து வழியே ஒரு பதில்

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையினர் ஒரு காலத்தில் பலதார மணம் கடவுளின் கட்டளை என்றார்கள், பிறகு அது கூடாது என்றார்கள். கறுப்பர்களுக்கு ஆசாரியத்துவம் கிடையாது என்றார்கள், 1978இல் உண்டு என்றார்கள். கடவுள் இன்றும் தங்கள் தலைவரோடு பேசுகிறார் என்று நம்பும் ஒரு சபை இப்படி மாறினால், மக்கள் நம்பிக்கையை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறார்கள்? இதை உள்ளேயிருந்து பார்த்து எழுதியவர் யாராவது உண்டா?"

உண்டு. ஆர்மண்ட் மாஸ் என்ற சமூகவியலாளர். 1928இல் சால்ட் லேக் சிட்டியில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். இளம் வயதில் அமெரிக்காவின் வடகிழக்கில் மிஷனரியாக வேலை செய்தார். பிறகு அமெரிக்க விமானப்படை வேலையாக ஜப்பானில் இருந்தபோது, யேசு சபைத் துறவிகள் நடத்தும் டோக்கியோவின் சோஃபியா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். ஒரு மார்மன் கத்தோலிக்கர்களிடம், அதுவும் ஜப்பானில் போய்ப் படித்திருக்கிறார். சொந்த சபையைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கும் பழக்கம் அங்கேயே வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். 1970இல் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள் மார்மன்களும் சிறுபான்மையினரும். வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தினார். 2020 ஆகஸ்டில், 92 வயதில் காலமானார். கடைசிவரை சபையின் உறுப்பினராகவே இருந்தார்.

இந்தக் கடைசிச் செய்தி முக்கியம். மார்மன்களைப் பற்றிய எழுத்தில் ரொம்ப காலமாக இரண்டு கட்சிகள்தான். ஒன்று, சபைக்கு வக்காலத்து வாங்குவது. இன்னொன்று, சபையை விட்டு வெளியேறியவர்கள் அதைப் போட்டு உடைப்பது. மாஸ் இரண்டிலும் சேரவில்லை. ஞாயிறு காலை சபைக்குப் போவார், திங்கள் காலை அதே சபையைப் பற்றிய கருத்துக்கணிப்பு அட்டவணைகளோடு உட்காருவார். 2012இல் எழுதிய நினைவுக்குறிப்புகளுக்கு அவர் வைத்த தலைப்பில் ஒரு கிழிந்த பாஸ்போர்ட் வருகிறது. விசுவாசத்தின் நாட்டுக்கும் ஆய்வின் நாட்டுக்கும் இடையே போய்வந்தே நைந்துபோன பாஸ்போர்ட் அது.

அவர் சொல்வது புரிய, முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை இது. இதன் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. போன இடமெல்லாம் அக்கம்பக்கத்தாரோடு மோதல். 1838இல் மிசூரி ஆளுநர், இவர்களை அழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டே விரட்ட வேண்டும் என்று எழுத்தில் ஆணை போட்டார். 1844இல் இலினாய் மாநிலத்தின் கார்த்தேஜ் ஊர்ச் சிறையில் ஸ்மித்தை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. பிரிகம் யங் தலைமையில் 1847இல் பாலைவனத்தைத் தாண்டி யூட்டாவுக்கு வந்து சேர்ந்தார்கள். 1852இல் பலதார மணத்தை வெளிப்படையாக அறிவித்தார்கள். அடுத்த நாற்பது ஆண்டுகள் வாஷிங்டனோடு சண்டை. 1879இல் உச்ச நீதிமன்றம் நம்பிக்கைக்குத்தான் சுதந்திரம், நடத்தைக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் சிறைக்குப் போனார்கள். 1887இல் வந்த சட்டம் சபையின் சொத்துக்களையே பறிமுதல் செய்ய வழி செய்தது. 1890இல் சபைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் இனிப் புதிய பலதார மணங்கள் இல்லை என்று அறிவித்தார். 1896இல் யூட்டா மாநிலமானது.

பெரும்பாலானவர்கள் கதையை இங்கே முடித்து, "அரசாங்கம் மிரட்டியது, சபை பணிந்தது" என்பார்கள். மாஸுக்கு ஆர்வமே இதற்குப் பிறகு நடந்ததில்தான்.

1994இல் அவர் எழுதிய முதல் பெரிய புத்தகம் 'தேவதூதனும் தேன்கூடும்'. தலைப்பு சால்ட் லேக் சிட்டியின் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கட்டடங்களிலிருந்து வந்தது. ஒன்று, நாற்பது ஆண்டுகள் கட்டி 1893இல் அர்ப்பணித்த கிரானைட் ஆலயம். அதன் உச்சியில் எக்காளம் ஊதும் மொரோனி என்ற தேவதூதன், பொன்முலாம் பூசிய சிலை. (அந்தச் சிலையைச் செய்த சைரஸ் டாலின் மார்மன் அல்ல. மாஸ் சொல்லவரும் விஷயத்துக்கு இதுவே ஒரு நல்ல உதாரணம்.) இன்னொன்று, 1911இல் திறந்த ஹோட்டல் யூட்டா. அதன் உச்சியில் தேன்கூடு. தேவதூதன் வானத்திலிருந்து வரும் செய்திக்கும், உலகத்தோடு ஒட்டாத தனித்தன்மைக்கும் அடையாளம். தேன்கூடு உழைப்பு, வியாபாரம், கூட்டுறவு, ஊரோடு ஒத்துப்போவது ஆகியவற்றுக்கு. மார்மன் வரலாறு முழுக்க இந்த இரண்டுக்கும் நடக்கும் இழுபறி என்பது மாஸின் வாதம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு புதிய மதக்குழு சுற்றியுள்ள சமூகத்திலிருந்து ரொம்ப விலகி நின்றால் அவப்பெயர் வரும், அடி விழும், அழிந்துகூடப் போகலாம். ரொம்ப ஒத்துப்போனால் கௌரவம் கிடைக்கும், ஆனால் "இவர்களுக்கும் மற்றவர்களுக்கும் என்ன வித்தியாசம், நான் ஏன் இங்கே இருக்க வேண்டும்?" என்ற கேள்வி எழும். அவப்பெயரும் சிக்கல், கௌரவமும் சிக்கல். ஆகவே பிழைத்துக்கொள்ளும் குழு சமூகத்தோடு ஓரளவு உரசலை எப்போதும் வைத்துக்கொள்ளும். வீணைத் தந்தி மாதிரி. தளர்ந்தால் சத்தம் வராது, அதிகம் முறுக்கினால் அறுந்துவிடும். கௌரவம் கூடிப்போனதாகத் தோன்றும்போது குழு தானாகவே இறுக்கத் தொடங்கும்.

அப்போதைய மதச் சமூகவியலில் இது புதிய பேச்சு. முரட்டுத்தனமாகத் தொடங்கும் சிறு குழுக்கள் தலைமுறை மாற மாற மென்மையாகி, கடைசியில் ஒரு சாதாரண திருச்சபையாகிவிடும், இது ஒருவழிப் பாதை என்பதுதான் அதுவரை இருந்த பாடம். பாதை திரும்பவும் செய்யும் என்று ஒரு முழு உதாரணத்தை வைத்து மாஸ் காட்டினார்.

முதலில் ஒத்துப்போன காலம். யூட்டாவிலிருந்து செனட்டராகத் தேர்வான ரீட் ஸ்மூட், அப்போஸ்தலர்கள் எனப்படும் சபையின் உயர்தலைவர்களில் ஒருவர். அவருக்கு இடம் கொடுக்கலாமா என்று 1904 முதல் 1907 வரை விசாரணை நடந்தது. 1890க்குப் பிறகும் பலதார மணங்கள் ரகசியமாக நடந்தது அங்கே அம்பலமாகி, சபை 1904இல் இரண்டாவது முறையாக, இந்த முறை தண்டனையோடு, தடை அறிவித்தது. ஸ்மூட் பதவியில் நீடித்தார். அடுத்த அரை நூற்றாண்டில் மார்மன்கள் அமெரிக்கர்களிலேயே பக்கா அமெரிக்கர்களாகத் தேறினார்கள். போருக்குப் பிள்ளைகளை அனுப்பினார்கள், இரண்டு பெரிய கட்சிகளிலும் சேர்ந்தார்கள். அப்போஸ்தலர் ஒருவர் அதிபர் ஐசன்ஹோவரின் விவசாய அமைச்சராகவே இருந்தார். 1930களில் மறைக்கல்வி ஆசிரியர்கள் சிலரை பைபிள் ஆய்வு படிக்க சிக்காகோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது சபை.

ஆனால் அதே காலத்தில் ஓர் அடையாளம் போன இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. காப்பி, டீ, மது, புகையிலை கூடாது என்ற விதியைச் சொல்கிறேன். அது 1833லேயே வந்தது. பிரிகம் யங் பின்னாளில் சொன்ன கதைப்படி, ஒஹாயோவின் கர்ட்லண்டில் ஒரு கடையின் மாடி அறையில் ஸ்மித் வகுப்பு எடுப்பார். வந்தவர்கள் பைப் பிடிப்பார்கள், புகையிலை மென்று தரையெல்லாம் துப்புவார்கள். அதைத் துடைக்கும் வேலை ஸ்மித்தின் மனைவி எம்மாவுக்கு. அந்த எரிச்சலிலிருந்து ஒரு கேள்வி வந்தது, கேள்விக்கு வெளிப்பாடு வந்தது. ஆனால் அது கட்டளை என்ற தொனியில் வரவில்லை, அறிவுரையாகத்தான் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மார்மன்கள் பலர் காப்பியும் குடித்தார்கள், புகையும் பிடித்தார்கள். பலதார மணம் போய் ஒரு தலைமுறை கழிந்தபின், 1920களின் தொடக்கத்தில்தான், இந்த விதியைப் பின்பற்றாதவருக்கு ஆலயத்துக்குள் (ஞாயிறு கூடும் இடம் அல்ல, தனிச் சடங்குகளுக்கான இடம்) நுழைய அனுமதி இல்லை என்று உறுதியானது. எதைச் செய்வதால் தனியாகத் தெரிந்தார்களோ அது போயிற்று. எதைக் குடிக்காததால் தனியாகத் தெரிகிறார்களோ அது வந்தது. உரசலும் மிஞ்சியது, யாரும் சிறைக்கும் போக வேண்டாம்.

அப்புறம் இறுக்கம். மாஸ் இதை 1960கள் முதல் தெளிவாகப் பார்க்கிறார், ஆனால் விதை முன்னமே விழுந்துவிட்டது. சிக்காகோ போய் வந்த ஆசிரியர்களின் நவீன பைபிள் விமர்சனம் தலைவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1938இல் ரூபன் கிளார்க் என்ற தலைவர் மறைக்கல்வி ஆசிரியர்களைக் கூட்டி, இயேசு கடவுளின் குமாரன் என்பதையும் ஜோசப் ஸ்மித் தீர்க்கதரிசி என்பதையும் ஐயமில்லாமல் போதிக்க முடியாதவர்களுக்கு இங்கே வேலை இல்லை என்ற பொருளில் பேசினார். 1960களில் அப்போஸ்தலர் ஹெரால்ட் லீ முன்னின்று எல்லாப் பாடத்திட்டங்களையும் பத்திரிகைகளையும் துணை அமைப்புகளையும் ஒரே மையக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். திங்கள் மாலை குடும்பத்தோடு வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு, மிஷனரி வேலைக்கு அழுத்தம், முன்னோர்களுக்காக ஆலயச் சடங்குகள், "தீர்க்கதரிசியைப் பின்பற்று" என்ற பேச்சு எல்லாம் ஓங்கின. அமெரிக்க இளைஞர்கள் தலைமுடி வளர்த்து ஊர்வலம் போன அதே ஆண்டுகளில் மார்மன் இளைஞர்கள் தலைமுடி வெட்டி வெள்ளைச் சட்டை போட்டு வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள்.

இதையெல்லாம் மாஸ் வெறும் அபிப்பிராயமாகச் சொல்லவில்லை. 1960களின் இறுதியில் சால்ட் லேக் சிட்டியிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் மார்மன்களிடையே கருத்துக்கணிப்பு எடுத்து, மற்ற திருச்சபைகளின் புள்ளிவிவரங்களோடு ஒப்பிட்டார். உண்மையைச் சொன்னால், அந்தப் பகுதிகளைப் படிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இரண்டு நகரங்களின் அறுபதுகளை வைத்து ஒரு சபையின் முழு நூற்றாண்டையும் பேசுவது கொஞ்சம் தைரியமான காரியமும்கூட.

அவரிடம் எனக்குப் பிடித்தது, தன் கோட்பாட்டைத் தானே திருத்தியது. 2011இல், இறுக்கம் பற்றித் தான் சொன்னதை மறுபரிசீலனை செய்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். புத்தகம் வந்த காலத்திலிருந்தே காற்று திரும்பிவிட்டது என்பது அதன் சாரம். கோர்டன் ஹிங்க்லி தலைவராக வந்தபின் தொலைக்காட்சியில் செய்தியாளர் மைக் வாலஸுக்குச் சிரித்த முகத்தோடு பதில் சொன்னார். 2002இல் குளிர்கால ஒலிம்பிக்ஸ் சால்ட் லேக்கில் நடந்தது. பழைய ஆவணங்களைப் பூட்டி வைத்த சபை, ஜோசப் ஸ்மித்தின் காகிதங்களை முழுமையாகப் பதிப்பிக்கத் தொடங்கியது. தந்தியைத் திரும்பவும் தளர்த்திவிட்டார்கள் என்பது மாஸின் கணிப்பு.

சரி, இனம் பற்றிய பகுதிக்கு வருவோம். உங்கள் கேள்வியின் உயிரே அதில்தான் இருக்கிறது. மாஸின் சிறந்த எழுத்தும் அதுதான் என்பது என் கருத்து. 2003இல் வந்த 'ஆபிரகாமின் பிள்ளைகள் அனைவரும்' என்ற புத்தகத்தைத்தான் நான் முதலில் வைப்பேன்.

வரலாறு இப்படி. சபையின் முதல் ஆண்டுகளில் எலைஜா ஏபல் என்ற கறுப்பர் ஆசாரியத்துவம் பெற்றார், 1836இல். 1852இல் பிரிகம் யங் அதை மூடினார். மார்மன் சபையில் ஆசாரியத்துவம் என்பது பாதிரியார் வேலை அல்ல. சுமார் பன்னிரண்டு வயதுப் பையன் முதல் எல்லா ஆண்களுக்கும் உரியது. அது இல்லையென்றால் பதவி கிடையாது, ஆலயத்தில் திருமணம் கிடையாது, ஆலயச் சடங்குகள் கிடையாது. பெண்களுக்கு ஆசாரியத்துவமே இல்லையென்றாலும், கறுப்பினப் பெண்களுக்கு ஆலயக் கதவும் அடைத்தது. காரணம்? பைபிளில் தம்பியைக் கொன்ற காயீனின் சந்ததி, நோவாவின் மகன் காமின் சாபம் என்றார்கள். பிறகு இன்னொன்றும் சேர்ந்தது: இந்த உலகத்தில் பிறக்கும் முன்பே ஆத்துமாக்கள் வாழ்ந்த உலகில் இவர்கள் வீரமாக நடந்துகொள்ளவில்லை என்று. இதில் முதல் சரக்கு மார்மன்களுடையது அல்ல. அமெரிக்க அடிமைமுறையை நியாயப்படுத்த பல திருச்சபைகளும் புழங்கியதுதான். மார்மன்கள் அதைத் தங்கள் இறையியலோடு பின்னிவிட்டார்கள்.

1966, 67 ஆண்டுகளில், தடை முழு வீச்சில் இருந்தபோதே, மாஸ் இரண்டு கட்டுரைகள் எழுதினார். முதலாவது புள்ளிவிவரம். ஆசாரியத்துவத் தடையை நம்பும் மார்மன்கள் வேலை, வீடு, பள்ளி போன்ற பொது விஷயங்களில் மற்ற வெள்ளைக் கிறிஸ்தவர்களைவிட அதிக இனவெறி காட்டவில்லை என்பது முடிவு. சபைக்கு இது இனித்திருக்கும். இரண்டாவது அவ்வளவு இனிக்காது. தடை என்பது சபையின் நடைமுறை, அதை மாற்றும் உரிமை தீர்க்கதரிசிக்கு உண்டு. ஆனால் காயீன், சாபம், முன்னுலகக் குற்றம் போன்ற விளக்கங்கள் எதுவும் வெளிப்பாடு அல்ல, வெறும் நாட்டுப்புறக் கதை என்றார். விளக்கத்தைத் தனியாகப் பிரித்தெடுத்தால், தடைக்குக் கீழே எந்த அஸ்திவாரமும் இல்லை என்பது யாருக்கும் தெரிந்துவிடும். அவர் அதை உரக்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த கட்டுரையை யார் படித்திருப்பார்கள்?

1978 ஜூனில் சபைத் தலைவர் ஸ்பென்சர் கிம்பல் தடையை நீக்கினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே, 1981இல், மாஸ் அதைப் பற்றி எழுதினார். போராட்டத்துக்குப் பயந்து சபை மாறியது என்ற கதையை அவர் தேதிகளைக் காட்டியே மறுக்கிறார். வெளியிலிருந்து வந்த அழுத்தத்தின் உச்சம் 1968 முதல் 1970 வரை. சபையின் பிரிகம் யங் பல்கலைக்கழக அணியோடு விளையாடும்போது எதிர்ப்பைக் காட்ட வேண்டும் என்று கேட்டதற்காக வயோமிங் பல்கலைக்கழகம் தன் 14 கறுப்பின வீரர்களை நீக்கியது. ஸ்டான்ஃபர்ட் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தோடு விளையாட்டு உறவையே முறித்துக்கொண்டது. அப்போதெல்லாம் சபை அசையவில்லை. 1978இல் ஊர்வலங்கள் ஓய்ந்துபோயிருந்தன. கடவுளின் குரலைக் கேட்பதாகச் சொல்லும் சபை, ஊர் கல்லெறியும்போது மாறினால் அது கடவுளின் குரலா கூட்டத்தின் குரலா என்ற சந்தேகம் வரும். மாறுவதற்கே கொஞ்சம் அமைதி தேவை.

அப்படியானால் எது தள்ளியது? பிரேசில். நூற்றாண்டுகளாக இனங்கள் கலந்த நாடு. அங்கே யாருக்கு ஆப்பிரிக்க ரத்தம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? மிஷனரிகள் புதிதாக வருகிறவர்களின் வீட்டில் பேச்சோடு பேச்சாகக் குடும்பப் புகைப்பட ஆல்பத்தைக் கேட்டு வாங்கி, தாத்தா பாட்டி முகங்களைப் பார்ப்பார்களாம். 1975இல் சாவ் பாவ்லோவில் ஆலயம் கட்டுவதாக அறிவித்தார்கள். அதன் விளம்பர வேலைக்குப் பொறுப்பேற்றவர்களில் ஒருவர் எல்வேசியோ மார்டின்ஸ், பெட்ரோபிராஸ் நிறுவன அதிகாரி, கறுப்பர், 1972இல் சபையில் சேர்ந்தவர். கட்டி முடித்தால் தானும் தன் மனைவியும் உள்ளே நுழைய முடியாத ஆலயத்துக்கு அவர் பத்திரிகையாளர்களை அழைத்துப் பேசிக்கொண்டிருந்தார். கிம்பல் பிரேசிலுக்குப் போனபோது அவரைச் சந்தித்திருக்கிறார். அந்தப் பக்கம் நைஜீரியாவில், யாரும் ஞானஸ்நானம் கொடுக்காத நிலையிலும், சபையின் வேதநூலான மார்மன் புத்தகத்தைப் படித்துத் தாங்களாகவே சபை கூடி, மிஷனரிகளை அனுப்புங்கள் என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஆயிரக்கணக்கில். எல்லா நாடுகளுக்கும் சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்ற கட்டளையும் இந்தத் தடையும் ஒரே சபைக்குள் நெடுநாள் இருக்க முடியாது. எதிரிகளின் கூச்சலைவிட, வாசலில் நின்ற விசுவாசிகளின் பொறுமை சபையை அதிகம் உலுக்கியது. மார்டின்ஸ் 1990இல் சபையின் முதல் கறுப்பின உயர்தலைவர்களில் ஒருவரானார்.

தடை போயிற்று, விளக்கங்கள் போகவில்லை. யாரும் அவற்றைத் தவறு என்று அறிவிக்கவில்லை, பழைய புத்தகங்கள் கடைகளில் கிடைத்தன. புதிதாகச் சேர்ந்த கறுப்பினக் குடும்பம் ஒன்று ஞாயிறு வகுப்பில் உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் அன்பாகவே காயீன் கதையை எடுத்துவிடுவார். 1990களின் இறுதியில் மாஸும் கறுப்பின உறுப்பினர் ஒருவரும் உயர்மட்டத் தலைவர் ஒருவர் வழியாக, இந்தப் பழைய போதனைகளைச் சபை வெளிப்படையாகக் கைவிட வேண்டும் என்று முயன்றார்கள். 1998இல் செய்தி நாளிதழில் கசிந்தது. 1978 அறிவிப்பே போதும் என்று தலைமை சொல்லிவிட்டது, முயற்சி அங்கேயே நின்றது. அழுத்தத்துக்குப் பணிவதாகத் தெரிந்தால் சபை மாறாது என்று எழுதியவருக்கே அது நேர்ந்தது. 2013 டிசம்பரில்தான் சபை தன் இணையதளத்தில், கறுப்புத் தோல் சாபத்தின் அடையாளம், முன்னுலக நடத்தையின் விளைவு போன்ற கொள்கைகளைக் கைவிடுவதாக எழுதியது. 1978க்கு 35 ஆண்டுகள் கழித்து!

புத்தகத்தில் இன்னொரு இழை இதைவிட நுட்பமானது. மார்மன் புத்தகத்தில் லாமானியர் என்று ஒரு கூட்டம் வரும். இஸ்ரவேலின் வழிவந்து, கெட்டுப்போய், தோல் கறுத்து, ஆனால் கடைசியில் மீட்புக்கு வாக்குறுதி பெற்றவர்கள். அமெரிக்கப் பழங்குடிகள் இவர்களின் சந்ததி என்பது சபையின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் 1954 முதல் 1990கள் வரை, பெரும்பாலும் நவஹோ இனக் குழந்தைகளைப் பள்ளிக் காலத்தில் வெள்ளை மார்மன் வீடுகளில் தங்கவைத்துப் படிக்கவைத்தார்கள். சிலருக்கு அது படிப்பையும் வேலையையும் தந்தது. சிலருக்குத் தாய்மொழியையும் வீட்டையும் பறித்தது, பின்னாளில் வழக்குகளும் வந்தன. இதற்கிடையில் மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் சேர்ந்தவர்கள் லாமானியர் என்ற பெயரைத் தாங்களே எடுத்துப் பெருமையாக அணிந்துகொண்டார்கள்: "நாங்கள் வாக்குறுதியின் பிள்ளைகள், வெள்ளைக்காரர்கள் பின்னால் வந்தவர்கள்" என்று. மேலிருந்து ஒட்டிய முத்திரையைக் கீழே இருப்பவர்கள் தங்களுக்கு வேண்டிய அர்த்தத்தில் திருப்பிக்கொள்வதை மாஸ் நன்றாகப் பிடிக்கிறார். வெள்ளை மார்மன்கள் தங்களை இஸ்ரவேலின் குலங்களில் ஒன்றான எப்பிராயீம் கோத்திரம் என்று நம்பியதையும் அவர் விடவில்லை. ஆரம்பகால மிஷனரிகள் இங்கிலாந்திலும் ஸ்காண்டிநேவியாவிலும் அறுவடை செய்தார்கள். ஆகவே இஸ்ரவேலின் ரத்தம் அங்கேதான் ஓடுகிறது என்ற கோட்பாடு பிறந்தது. உலகம் முழுக்க ஆட்கள் சேரச் சேர, ரத்தம் பற்றிய பேச்சு மெல்லக் குறைந்தது. 2006இல் மார்மன் புத்தக முன்னுரையில், லாமானியரைப் பழங்குடிகளின் 'முதன்மை மூதாதையர்' என்று இருந்ததை 'மூதாதையர்களுள் சிலர்' என்று மாற்றினார்கள்.

மாஸிடம் எனக்குக் குறையாகப் படுவதையும் சொல்கிறேன். இறுக்கம், தளர்வு என்று பேசும்போது, அந்த இறுக்கத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்பது கண்ணில் படாமல் போகிறது. பெண்கள் சங்கத்துக்குத் தனி நிதியும் தனிப் பத்திரிகையும் இருந்தன. 1970 வாக்கில் மையக் கட்டுப்பாடு இரண்டையும் விழுங்கியது. பெண்களுக்குச் சம உரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தத்தை ஆதரித்த சோனியா ஜான்சனை 1979இல் சபை நீக்கியது. 1993இல் ஒரே மாதத்தில் ஆறு அறிவுஜீவிகள் மேல் ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது. 2015 நவம்பரில், தன்பாலினத் தம்பதியரின் குழந்தைகளுக்குச் சிறுவயதில் ஞானஸ்நானம் இல்லை என்று விதி வந்தது. 2019 ஏப்ரலில் போனது. "உரசல் அளவு மாறியது" என்று இதைச் சொல்லலாம்தான். அந்த மூன்றரை ஆண்டுகளில் எட்டு வயதான, அதாவது ஞானஸ்நான வயதுக்கு வந்த, குழந்தைக்கு இந்தச் சொல் எதையும் விளக்காது.

இன்னொன்று: உரசல் என்பது சபைக்குள் இருக்கும் பொருள் அல்ல, சபைக்கும் ஊருக்கும் நடுவில் இருப்பது. ஊர் மாறினால் அளவும் மாறும். ஐரோப்பாவில் மார்மனாக இருப்பதன் சமூகச் செலவு அமெரிக்காவைவிட மிக அதிகம் என்று மாஸே பின்னாளில் எழுதினார். நம் பக்கமே பாருங்கள். சென்னையிலும் சபைகள் உண்டு, பெங்களூருவில் ஆலயம் கட்டுவதாக 2018இல் அறிவித்தார்கள். மது தொடாதவர் என்றால் நம் ஊரில் நல்ல பெயர்தான் கிடைக்கும், யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். ஆனால் சொந்தக்காரர் வீட்டில் நீட்டும் காப்பி டம்ளரை வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், ஒரு பஞ்சாயத்தே நடக்கும். யூட்டாவில் தனியாகத் தெரியவைக்கும் விதி வேறு, இங்கே தனியாகத் தெரியவைக்கும் விதி வேறு.

நம்பிக்கையை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு மாஸ் நேரடியாக உபதேசம் எதுவும் வைக்கவில்லை. அவர் எழுத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: மார்மன் மரபில் வெளிப்பாடு என்பது கேட்டால் வருவது. எம்மா தரையைத் துடைத்ததால் கேள்வி வந்தது. பிரேசிலில் ஆல்பம் பார்க்க வேண்டியிருந்ததால் கேள்வி வந்தது. சமூகம் விடையைத் தருவதில்லை, கேள்வியைத் தருகிறது. தலைவர் அதைக் கடவுளிடம் கொண்டுபோகிறார் என்று விசுவாசி நம்பலாம். சமூகவியலாளர் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதோடு நிறுத்திக்கொள்வார். மாஸ் இரண்டுமாக இருந்தார். கேள்வியே கேட்காமல் 126 ஆண்டுகள் போனது ஏன் என்று ஒரு கறுப்பின உறுப்பினர் கேட்டால், இந்த விளக்கம் போதாது. மாஸுக்கும் அது தெரிந்திருந்தது. தெரியாவிட்டால் தடை போய் இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் பழைய போதனைகளின் பின்னால் அலைந்திருக்க மாட்டார்.

படிக்க நினைத்தால் 1981 கட்டுரையில் தொடங்குங்கள். அது வந்த 'டயலாக்' இதழின் பழைய பிரதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அடுத்து 2003 புத்தகத்தில் கறுப்பர்கள் பற்றிய அத்தியாயங்கள், பிறகு லாமானியர் பற்றியவை. தேவதூதன் புத்தகத்துக்கு அதன்பின் வரலாம். அதிலும் முதல் அத்தியாயங்களைப் படித்துவிட்டு, அட்டவணைகள் வரும் இடத்தில் பக்கங்களைத் தள்ளிவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. அதைப் படித்தால் 2011 கட்டுரையையும் சேர்த்துப் படியுங்கள், இல்லையென்றால் அவர் பாதியில் நிறுத்திய இடத்தையே முடிவு என்று எடுத்துக்கொள்வீர்கள்.